நாலாவது பெயர்

லேகாவின் அப்பா தங்கப்பன் இறந்தபோது அவள் பிறந்திருக்கவில்லை. எழுபத்தொன்று டிசம்பரில் கிழக்கு எல்லையில் நடந்த சண்டையில் அவர் போனார். அடுத்த ஏப்ரலில் இவள் பிறந்தாள். உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தது ஒரு தகரப் பெட்டியும், சுபேதார் ஒருவர் எழுதிய ஒரு பக்கக் கடிதமும்தான்.

அமரவிளையில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால், ரப்பரும் வாழையும் நிற்கிற விளையின் மேற்கு மூலையில் அவர்களுடைய குடும்பக் கல்லறை இருக்கிறது. இந்தப் பக்கத்து இந்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இறந்தவர்களைச் சொந்த மண்ணில் அடக்குகிற வழக்கம் உண்டு. அயனி மரத்தடியில் பதினோரு கல்லறைகள். பன்னிரண்டாவது இடத்தில் கல்லறை இல்லை. நெஞ்சளவு உயரத்தில் ஒரு கருங்கல் மட்டும் நிற்கிறது.

லேகாவின் அம்மா சத்யபாமா அதை நட்டபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. கல் கொத்துகிறவரிடம் சுபேதாரின் கடிதத்தை நீட்டி, அதிலிருந்த நாலு பெயரையும் ராணுவ எண்ணோடு அப்படியே வெட்டச் சொன்னாள். தங்கப்பன், தேவகுமார், ராமுலு, பயஸ். நாலு பேரும் ஒரே நாளில் ஒரே வயலில் வீரமரணம் அடைந்தார்கள் என்று கடிதத்தில் இருந்தது. குடும்பத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. தேவகுமார் பாலக்காட்டுக்காரன், ராமுலு தெலுங்கன், பயஸ் பூவாறு கடப்புறத்துக் கிறிஸ்தவன். நம்முடைய கல்லறையில் அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள்.

"கூட விழுந்து கெடந்தவங்கள நான் பிரிச்சுப் போடமாட்டேன்" என்று மட்டும் சத்யபாமா சொன்னாள். இரண்டு வருடம் கழித்துப் பூவாறுக்கு ஆள் அனுப்பிப் பயஸின் வீட்டாரைத் தேடவும் செய்தாள். அந்தக் குடும்பம் மங்களூர்ப் பக்கம் வேலை தேடிப் போய்விட்டது என்று பஸ் நிறுத்தத்தில் கேட்டதோடு, போன ஆள் மேலே விசாரிக்காமல் திரும்பிவிட்டான். ஒவ்வொரு டிசம்பர் ஒன்பதாம் தேதியும் கல்லுக்கு முன்னால் நாலு விளக்கு ஏற்றினாள்.

லேகாவுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. நெய்யாற்றின்கரை டிப்போவில் கண்டக்டர். இருபத்திரண்டு வருடமாகப் பூவாறு, பாறசாலை, கள்ளிக்காடு என்று எல்லாத் தடத்திலும் நின்றுகொண்டே போய்வருகிறவள்.

போன அக்டோபரில் முன்னாள் படைவீரர் சங்கத்துக்காரர்கள் மூன்று பேர் விளைக்கு வந்தார்கள். கல்லைச் சுற்றி நடந்து பார்த்தார்கள். டிசம்பரில் இங்கே ஒரு நிகழ்ச்சி நடத்தலாம், கல்லைச் சுத்தம் செய்து மேடை கட்டிக் கொடிமரம் வைக்கலாம், சாலையிலிருந்து உள்ளே வரும் வழிக்குத் தங்கப்பன் பெயரை வைக்கப் பஞ்சாயத்திடம் பேசலாம் என்றார்கள். சத்யபாமாவுக்கு முகம் மலர்ந்தது. வந்தவர்களில் ஒருவர் கைபேசியில் கல்லைப் படம் எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு, தங்கப்பனின் தம்பி பொன்னப்பன் தொண்டையைச் செருமினார். அண்ணன் இறந்தபோது அவர் பதின்மூன்று வயதுப் பையன். இப்போது அறுபத்தேழு.

"மைனி, நல்ல கிரானைட்டுல புதுக்கல்லு நான் செஞ்சு வைக்கேன். அண்ணனுக்க பேரு மட்டும் பெருசா இருக்கட்டும். மத்ததெல்லாம் எதுக்கு? படிக்கியவனுக்கு இதுல நம்ம ஆளு யாருன்னே மனசிலாவாது."

"நாலு பேரும் உண்டு" என்றாள் சத்யபாமா.

"அவங்களுக்கும் வீடு உண்டு, குடும்பம் உண்டு. அவங்க கல்லு வைக்கட்டும்."

"வச்சாங்களான்னு உனக்குத் தெரியுமா, பொன்னப்பா?"

 பொன்னப்பனுக்கு முகம் தெளியவில்லை. அண்ணனுக்குத் தனியாக ஒரு கல் இல்லையே என்கிற குறை அவருக்கு ஐம்பது வருடமாக உண்டு. லேகா பையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினாள்.

சங்கத்துக்காரர் எடுத்த படம் வாட்ஸாப்பில் ஊர் ஊராகப் போனது. ஒன்பதாம் நாள் மதியம், லேகா டிப்போவில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, என் பேரு டெல்னா. பூவாறுல இருந்து விளிக்கேன், சங்கத்துல கேட்டு நம்பர் வாங்கினேன். நெய்யாற்றின்கரையில ஒரு லேபுல வேலை செய்யுதேன். உங்க கல்லுல ஒரு பேரு உண்டில்லியா, பயஸ்னு?"

"உண்டு. நீ அவருக்கு யாரு மக்களே?"

"பேத்தி. ஆன்ட்டி, அதுல உள்ள நம்பரும் எங்க தாத்தாக்க பழைய பட்டாளப் புக்குல உள்ள நம்பரும் ஒண்ணாக்கும். நான் ரெண்டு மட்டம் ஒத்துப் பாத்தேன்." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா தாத்தா மரிச்சில்ல. இப்பம் இங்க இருந்து கஞ்சி குடிச்சிட்டிருக்காரு."

லேகா சோற்றை மூடி வைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். சத்யபாமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிற மனிதனுக்கு ஐம்பது வருடமாக விளக்கு வைத்திருக்கிறோமே, அது அவருக்கு ஏதும் தோஷமாகுமோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பொன்னப்பனுக்கு வேறு ஒன்று தோன்றியது.

"ஒரே எடத்துல நாலு பேரு. மூணு பேரு மரிச்சாச்சு. இவன் மட்டும் எப்படிப் பிழைச்சான்? ஓடினானா? ஒளிச்சு இருந்தானா? இத்தன வருஷம் இந்தப் பக்கம் வந்து எட்டிக்கூடப் பாக்கல்ல, கேட்டியா மைனி. அப்படிப்பட்டவனுக்க பேரை அண்ணன் பேருக்குக் கீழ வச்சுக் கும்பிட்டிட்டு இருந்தோம்."

சத்யபாமா மகளைப் பார்த்தாள். "நீ போய்ப் பாத்துட்டு வா, மக்களே. என்ன நடந்துன்னு கேளு. நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியணும்."

மறுநாள் லேகாவுக்கு விடுமுறை. தானே எத்தனையோ முறை டிக்கெட் கிழித்த பஸ்ஸில் அன்றைக்குப் பயணியாக ஏறிப் பூவாறுக்குப் போனாள். தேவாலயத்துக்குப் பின்னால், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் டெல்னாவின் வீடு. முற்றத்துத் தென்னை நிழலில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தேழு வயது. இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். லேகா வாசலில் நுழைந்ததுமே அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அவள் யாரென்று டெல்னா சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தங்கப்பனுக்க நெத்தி" என்றார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

லேகா அவருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "மாமா, எங்களுக்குக் கிட்டினது ஒரு கடிதம்தான். அதுல வீரமரணம்னு ஒரு வரி உண்டு. அதுக்க மேல ஒண்ணும் தெரியாது. என்ன நடந்துன்னு அம்மாக்குத் தெரியணும்."

பயஸ் டெல்னாவைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குடித்தார். சொல்லத் தொடங்கினார்.

"காலையில வெயில் ஏறின நேரம். ஒரு வயலைக் கடக்கணும். அறுப்பு முடிஞ்ச வயலு. முழுக்கக் கண்ணிவெடி பொதச்சிருந்தான், எங்களுக்குத் தெரியாது. முப்பது பேரு வரிசையாப் போறோம். தங்கப்பன் முன்னால போய் அக்கரை வரம்பு மேட்டுல ஏறியாச்சு. அவன் தப்பிச்சான், மனசிலாச்சா? அவனுக்கு ஒண்ணும் இல்ல. நான் பின்னால. எனக்க காலுக்கு அடியில வெடிச்சுது. விழுந்து கெடந்து நான் விளிச்சேன். எலே தங்கப்பா, எலே தங்கப்பான்னு. வேற யாரையும் விளிக்கல்ல. நம்ம ஊருப் பேச்சு பேசுறவன் அவன் ஒருத்தனாக்கும் அங்க உண்டு."

அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"நான் மிண்டாம கெடந்திருந்தா அவன் திரும்பி வந்திருக்கமாட்டான். இதாக்கும் காரியம், மக்களே. இதாலதான் நான் உங்க வீட்டுக்கு வரல்ல."

"அப்பா வந்தாரா?"

"வந்தான். போனப்பம் பதிஞ்ச அவனுக்க காலடியிலயே திரும்பக் கால் வச்சு வச்சு வந்தான். என்னைத் தூக்கித் தோளுல போட்டான். நான் வலியில கத்துதேன். அவன் ஏசுதான். 'மிண்டாத கெட லே, கடப்புறத்துல மீனாத் தின்னு தின்னு என்ன பாரம் நீ'ன்னு."

லேகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது. அப்பா பேசிய ஒரு வாக்கியத்தை அவள் வாழ்நாளில் முதல் முறையாகக் கேட்கிறாள்.

"வரம்புல கொண்டுவந்து கெடத்தினான். திரும்பிப் பாத்தான். நடு வயலுல தேவகுமார் கெடக்கான், அவனுக்கும் வெடிச்சாச்சு. ராமுலு அவனை விட்டுட்டு வராம பக்கத்துலயே இருக்கான். தங்கப்பன் அங்கோட்டுத் திரும்பினதும் நான் அவனுக்க சட்டையப் பிடிச்சேன். போவாண்டாம் லே, வீட்டுல உனக்குப் பெண்டாட்டி மாசமா இருக்கான்னேன். அவன் எனக்க வெரல ஒவ்வொண்ணா எடுத்து விட்டான். 'சத்யபாமா தனியா வாழை நட்டு, குலை வெட்டி, சந்தையில தலைச்சுமடா கொண்டு விக்கியவளாக்கும். அவளுக்கு ஆரும் துணை வேண்டாம். தேவகுமாருக்கு இப்பம் நான் வேணும்'னான். போனான். ராமுலுவும் அவனுமா தேவகுமாரைத் தூக்கினாங்க. ஒரு இருபதடி வந்திருப்பாங்க. அப்பம் பீரங்கி ஷெல்லு வந்து விழுந்துது."

 டெல்னா வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலில் முகம் வைத்திருந்தாள். அவளும் இதை இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

மீதியைச் சுருக்கமாகச் சொன்னார் பயஸ். வேறொரு படைப்பிரிவின் ஆம்புலன்ஸ் அவரை எடுத்துப் போனதால், அவருடைய கம்பெனியில் நாலு பேரும் போனார்கள் என்று எழுதிவிட்டார்கள். உயிரோடிருக்கிற செய்தி மூன்று வாரம் கழித்து அவருடைய அம்மாவுக்கு மட்டும் வந்தது. கால் பொருத்தி ஊர் திரும்பியபின், எழுபத்து மூன்றில் ஒருநாள் அமரவிளையில் பஸ் இறங்கி விசாரித்து, விளையின் வேலி வரைக்கும் போனார். கிணற்றடியில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஒரு கையால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் திரும்பி நடந்துவிட்டார். அதன்பிறகு மங்களூர்த் துறைமுகத்தில் வலை பின்னுகிற வேலை, கல்யாணம், பிள்ளைகள். பூவாறுக்குத் திரும்பி வந்து ஆறு வருடம்தான் ஆகிறது.

"அவன் மரிச்சதுக்கு நானாக்கும் காரணம்னு கிணத்தடியில நின்ன அந்தப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்றார்.

லேகா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க விளிச்சது அப்பாக்கு மட்டுமா கேட்டுது? முப்பது பேருக்கும் கேட்டிருக்கும். எந்த பாஷையில விளிச்சாலும் விளி விளிதானே. எறங்கி வந்தது எங்க அப்பாவாக்கும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே முதுகு நிமிர்ந்தது. பயஸ் ஒரு குழந்தையைப் போல வாய்விட்டு அழுதார்.

அன்று மாலை அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சத்யபாமா அழவில்லை. ஒரே ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"திரும்பச் சொல்லு. என்னைப் பத்தி என்ன பறஞ்சாரு?"

"தனியா வாழை நட்டு, குலை வெட்டி, தலைச்சுமடா கொண்டு விக்கியவளாக்கும், அவளுக்கு ஆரும் துணை வேண்டாம்னு."

சத்யபாமா எழுந்துபோய் முகம் கழுவினாள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவர் போய்விட்டார். ஒன்றாக இருந்தது, விடுப்பில் வந்த நாட்களைக் கூட்டினால் ஐம்பது நாள் தேறாது. அதற்குள் தன்னை அந்த மனிதர் இவ்வளவு பார்த்து வைத்திருந்தாரா என்று அவளுக்கு இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு விட்டுவிட்டுப் போனாரே என்று எத்தனையோ நாள் அவர்மேல் கோபப்பட்டிருக்கிறாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவள் குரல் உறுதியாக இருந்தது.

"ஞாயிற்றுக்கெழம அவங்களை வரச் சொல்லு. மத்தியானச் சோறு இங்க."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து, டெல்னா தாத்தாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும். சட்டைப் பையில் ஏதோ கனமாகத் தொங்கியது. சத்யபாமாவைப் பார்த்ததும் கைகூப்பினார். அவளும் கூப்பினாள். "மொதல்ல அங்க போவோம், தங்கச்சி" என்றார்.

அயனி மரத்தடியில் பொன்னப்பன் முன்பே வந்து நின்றிருந்தார். வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். பயஸ் கல்லுக்கு முன்னால் நின்று நாலு பெயரையும் வாய்க்குள் படித்தார். நாலாவது பெயரின் மேல் விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சுத்தியலையும் உளியையும் எடுத்துப் பொன்னப்பனிடம் நீட்டினார்.

"இத வெட்டிக் களஞ்சிடணும், தம்பி. நானே செய்வேன், ஆனா குனிஞ்சு நிக்கக் கால் ஒத்துக்கிடாது. மரிச்ச மூணு பேரு கூட நிக்க எனக்கு யோக்கியத கிடையாது."

பொன்னப்பன் உளியை வாங்கவில்லை. அவர் சொல்ல நினைத்து வந்ததைத்தான் இவர் சொல்கிறார். ஆனாலும் கை நீளவில்லை.

சத்யபாமா முன்னால் வந்தாள். உளியைப் பயஸின் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டாள்.

"அந்த வயலுக்கு நடுவில இருந்து உங்களை ஒருத்தர் தோளுல தூக்கிட்டு வந்தாரு" என்றாள், கல்லைக் காட்டி. "அவரு தூக்கிக் கொண்டுவந்தத நான் எறக்கி விடமாட்டேன். பேரு இங்கதான் உண்டு."

பயஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

பொன்னப்பன் கேட்டார். அவர் குரல் பதின்மூன்று வயதுப் பையனுடையது போல இருந்தது. "அண்ணன் அவருக்க காலடியிலயே கால் வச்சா திரும்பி வந்தாரு?"

"அப்படித்தான்."

"எப்படி?"

பயஸ் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, உதிர்ந்த ரப்பர் இலைகளுக்கு நடுவே நாலைந்து அடி முன்னால் நடந்தார். பிறகு திரும்பி நின்று, ஈரமண்ணில் பதிந்திருந்த தன் தடத்தின் மேலேயே ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து வைத்துத் திரும்பி வந்தார். செயற்கைக் கால் ஒருமுறை தடுமாறியது. பொன்னப்பன் குந்தி உட்கார்ந்து அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

"அண்ணனுக்கு எங்கிட்டப் பொறுமையே கிடையாது. கிணத்துல நீச்சல் படிப்பிச்சப்பம் என்னைத் தள்ளிவிட்டவராக்கும்" என்றார். பிறகு பயஸின் கையைப் பிடித்தார். "வாங்க அண்ணா, சோறு ஆறுது."

புதுக்கல் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் கல்லின் உச்சியில் ‘நாட்டுக்காக உயிர் நீத்தவர்கள்’ என்று இருந்தது. அதை அப்படியே விட முடியாது. என்ன எழுதுவது என்று பொன்னப்பன் ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதி அடித்தார். கள்ளிக்காட்டிலிருந்து கல் கொத்துகிறவரைக் கூட்டிவந்து, பழைய வரியைத் தேய்த்துவிட்டுப் புதிய வரியைத் தானே பக்கத்தில் உட்கார்ந்து வெட்டவைத்தார்: ‘1971 டிசம்பர் 9. ஒருவரை ஒருவர் விட்டுப் போகாத நால்வர்.’

டிசம்பர் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு நிகழ்ச்சி. விளைக்குள் அவ்வளவு பேரை யாரும் எதிர்பார்க்கவில்லை. பூவாறிலிருந்து இரண்டு வேனில் ஆட்கள் வந்தார்கள். பாலக்காட்டிலிருந்து தேவகுமாரின் தங்கை மகள் குமாரி வந்தாள். மாமா எப்படி இறந்தார் என்று தங்கள் வீட்டிலும் யாருக்கும் தெரியாது என்றாள். அவரைத் தனியாக விடாமல் இரண்டு பேர் இருந்தார்கள் என்று பயஸ் சொன்னதை அவள் ஊருக்கு போன் போட்டு அப்போதே சொன்னாள். ராமுலுவின் வீட்டாரை மட்டும் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய மாவட்டமான கர்னூலுக்கு லேகா எழுதிய இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வரவேண்டும்.

சத்யபாமாவும் பயஸும் சேர்ந்து கல்லின் மேல் கிடந்த துணியை எடுத்தார்கள். கொடி ஏறியது. பயஸ் பேத்தியின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தனியாக நின்று சல்யூட் அடித்தார். சத்யபாமா கை கூப்பவில்லை. இரண்டு கையையும் பக்கத்தில் விட்டு நிமிர்ந்து நின்றாள்.

மறுநாள் லேகா பாறசாலை வண்டியில் டியூட்டி. பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, முன் சீட்டிலிருந்த ஒரு அம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "அந்தத் தங்கப்பன் நிங்ஙளுடே அச்சனாணோ?" அவர் உங்கள் அப்பாவா என்று மலையாளத்தில் கேட்டாள். பஸ் நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் கிளம்பத் தயாராக நின்றது. லேகா சொல்லத் தொடங்கினாள். அறுப்பு முடிந்த வயல், முப்பது பேர், வெடிச் சத்தம். பின் சீட்டிலிருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். டிக்கெட் மிஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் காட்டிக் காட்டிச் சொன்னாள். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"லேகா சேச்சி, மணி அடிங்க. நேரம் ஆச்சு."

"கொறச்சு நேரம் நில்லுங்க" என்றாள் லேகா. "அப்பா இன்னும் வரம்புல ஏறல்ல."

டிரைவர் எஞ்சினை நிறுத்தினார்.